மழைக்கு முன் கூரை: வன்னிப் பாடசாலை ஒன்றின் ஓகஸ்ட் பராமரிப்பும் அதன் காசுக் கணக்கும்

கூரை திருத்தக் காசு நவம்பரில் வந்தது. வன்னியில் நவம்பர் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு: வடகீழ்ப் பருவமழை உச்சத்துக்கு ஏறும் மாதம் அது. வந்ததோ அரசாங்கக் காசு; டிசம்பர் 31க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டாவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். மழை சற்று விட்ட இடைவெளியைப் பார்த்து ஒப்பந்தகாரர் கூரை ஓடுகளை இறக்கினார். அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. மேலே கட்டிய படங்கு காற்றோடு போனது. காலையில் நூலக அலுமாரிக்குள் இருந்த புத்தகங்கள் ஊறி வீங்கிப்போயிருந்தன. ஆனால் கோப்பைத் திறந்தால் எல்லாம் சரி. மதிப்பீடு இருக்கிறது, மூன்று விலைக்கூறல் இருக்கிறது, வேலை முடிந்த சான்றிதழும் உரிய திகதியில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு அதே பாடசாலை தன் ஓகஸ்ட் விடுமுறை வேலையை எப்படித் திட்டமிட்டது, இருந்த காசை எப்படிப் பிரித்தது என்பதே இந்த நிகழ்வு ஆய்வு. முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில் இருக்கும் வகை 2 பாடசாலை அது. தரம் 1 முதல் 11 வரை ஏறத்தாழ 300 பிள்ளைகள். பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டதால் திட்டம் போடும் வேலையில் நானும் இருந்தேன். பாடசாலையின் பெயரைச் சொல்லவில்லை. தொகைகள் கிட்டத்தட்டவானவை.

வளவுக்குள் நான்கு கட்டிடங்கள். போருக்கு முந்திய ஓட்டு மண்டபம், மீள்குடியேற்றத்துக்குப் பின் ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த 80 அடிக்கு 20 அடி சீற் கூரைத் தொகுதி, மாகாண நிதியில் வந்த இரண்டு மாடி, தற்காலிகம் என்று போட்டு இன்றுவரை நிற்கும் தகரக் கொட்டில். 2009க்குப் பின் வன்னியில் கட்டிடம் திறந்து வைக்க ஆட்கள் வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. பெயர்க்கல்லில் கொடையாளியின் பெயர் இருக்கும். பத்து வருடம் கழித்து அந்தக் கூரையின் ஆணிக்கு யார் பொறுப்பு என்பது எந்தக் கல்லிலும் இல்லை.

மழைக்குள் எடுத்த பட்டியல்

பராமரிப்புப் பட்டியலைப் பொதுவாக யூலையில் எடுப்பார்கள், விடுமுறை வரப்போகிறதே என்று. யூலையில் வன்னியில் எந்தக் கூரையும் ஒழுகாது. சோளகக் காற்று அடித்துப் புழுதி பறக்கும் மாதத்தில் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தால் வெள்ளைக் கறை தெரியும். அது இந்த வருடத்து ஒழுக்கா, போன வருடம் அடைத்ததா என்று சொல்ல முடியாது. ஆகவே இந்தப் பாடசாலையில் பட்டியல் எடுத்தது தை மாதத்தில், முதலாம் தவணை தொடங்கிய கையோடு, கடைசி மழைகள் பெய்துகொண்டிருந்தபோது.

அதிபர் ஒரு பெண்மணி. ஊரில் எல்லோருக்கும் அவர் "ரீச்சர்"தான். அவர் செய்தது எளிமையான காரியம். வகுப்புக்கு ஒரு மாணவத் தலைவர். ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே நிலத்தில் பெயின்றால் ஒரு புள்ளி, பக்கத்தில் வகுப்பு இலக்கம். காவலாளியிடம் ஒரு கொப்பி. உண்மையில் அந்தக் கொப்பிதான் திட்டத்தின் முதுகெலும்பு. எந்தத் தாங்கி இரவில் வழிகிறது, எந்த மலசலகூடக் குழி மாரியில் பொங்குகிறது, எந்தச் சுவிட்சைத் தொட்டால் கை விறைக்கிறது என்பதெல்லாம் காவலாளிக்குத் தெரியும். அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கொப்பியில் இருந்து வந்த விஷயங்களில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. சீற் கூரைத் தொகுதியின் கூரையில் பெரிய ஒழுக்கு இல்லை. ஆனால் வடக்குப் பக்கச் சுவர் அடியில் ஈரம் ஏறி, பூச்சு உதிர்ந்து, அத்திவாரத்தோரம் மண் அரித்துப் போயிருந்தது. காரணம், கூரை நீரை ஏந்தி இறக்கும் பீலி இல்லை. கணக்கைப் பாருங்கள்: தாழ்வாரத்தோடு சேர்த்து அந்தக் கூரை ஏறத்தாழ 88 அடிக்கு 28 அடி, அதாவது சுமார் 229 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 23,000 லீற்றர் தண்ணீர் இறங்கும். அது 1000 லீற்றர் தாங்கி 23. அவ்வளவும் சுவரோரத்து மண்ணில் விழுகிறது. இதற்கு முதல் இரண்டு தடவை அந்தச் சுவருக்குப் பூச்சுப் பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். பீலி பூட்டுவதற்கு மட்டும் யாரும் காசு கேட்கவில்லை.

மண்டபத்து ஓட்டுக்கு வேறு எதிரி: குரங்கு. மதிலோரத்து மாமரக் கொப்பிலிருந்து கூரைக்குப் பாய்வதும், கூரையிலிருந்து திரும்பிப் பாய்வதும் அவற்றின் அன்றாட வேலை. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஓடு விலகும், சில வேளை உடையும். கொப்பை வெட்டாமல் ஓட்டை மாற்றினால் அடுத்த தையில் அதே இடத்தில் அதே பெயின்ற் புள்ளி.

எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருக்கிறது

பட்டியல் முழுவதற்கும் விலை போட்டபோது 27 இலட்சம் வந்தது. கூட்டத்தில் ஒரு பெற்றோர், "இதுக்குப் புதுக் கட்டிடமே கட்டலாமே" என்றார். கட்ட முடியாது என்பதை விளக்க ஒரு அளவுகோல் உதவியது. அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 1990இல் பொதுக் கட்டிடங்களுக்கு ஒரு அளவைச் சொன்னது. ஒரு கட்டிடத் தொகுதியை இன்றைய விலைக்குத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ, அதில் ஆண்டுக்கு 2 முதல் 4 வீதம் வழமையான பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். இந்தப் பாடசாலையைத் திரும்பக் கட்டினால் 8 கோடி என்று வைத்தோம். 2 வீதம் என்றாலே வருடத்துக்கு 16 இலட்சம். முந்திய ஆண்டுகளில் செலவானது அதில் கால்வாசிகூட இல்லை. 27 இலட்சம் என்பது ஒரு வருடத்துப் பழுதின் விலை என்று நினைத்தால் பயமாக இருக்கும். பல வருடம் தள்ளிப்போட்டதன் தொகை என்று பார்த்தால் கணக்குப் பொருந்துகிறது.

கையில் வரக்கூடியது 11 இலட்சம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் இரண்டரை. பழைய மாணவர் சங்கம், முக்கியமாக லண்டனிலும் கனடாவிலும் இருப்பவர்கள், தருவதாகச் சொன்னது 5. வலயக் கல்வி அலுவலகம் ஊடாக எதிர்பார்த்த மாகாணப் பராமரிப்பு நிதி மூன்றரை. தர உள்ளீட்டு நிதியும் உண்டு, ஆனால் அது கற்றல் கற்பித்தலுக்கு உரியது. கூரைப் பக்கம் அதைக் கொண்டுபோக முடியாது. பிரதேச செயலகத்துப் பன்முகப்படுத்தப்பட்ட நிதியையும் சிலர் சொன்னார்கள். கேட்டு வைத்தோம், கணக்கில் சேர்க்கவில்லை.

வழக்கமாக இந்தப் 11ஐ ஒன்றாகக் கூட்டி, மேலிருந்து முக்கியத்துவ வரிசையில் வேலைகளுக்குப் பிரிப்பார்கள். முந்திய ஆண்டின் நவம்பர் கதை அப்படித்தான் நடந்தது. கூரைதான் முக்கியம், மாகாண நிதிதான் பெரியது, ஆகவே கூரை மாகாண நிதியில். தாளில் அதில் பிழை இல்லை. காசு எந்த மாதத்தில் கைக்கு வரும் என்ற கேள்விதான் அந்தத் தாளில் இல்லை.

இந்த முறை ரீச்சர் கரும்பலகையில் மாதங்களை எழுதினார். அபிவிருத்திச் சங்கக் காசு இப்போதே இருக்கிறது. வெளிநாட்டுக் காசு பெரும்பாலும் யூலை, ஓகஸ்டில் வரும், ஏனென்றால் ஆட்களும் தங்கள் பிள்ளைகளின் விடுமுறைக்கு அப்போதுதான் ஊருக்கு வருகிறார்கள். மாகாண நிதி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒதுக்கீடு வந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போட்டு, அனுமதி கிடைத்து, விலைக்கூறல் கோரி முடிய ஒக்ரோபர் ஆகிவிடும். அதற்கு எதிரே வேலைகளை எழுதினோம், மழைக்குள் செய்யக்கூடியவை, மழைக்கு முன் முடிய வேண்டியவை என்று. உடைந்த கதிரை மேசைகளை ஒட்டுவது, மின் இணைப்பு மாற்றுவது, உட்கதவு, பூட்டு, கரும்பலகை எல்லாம் மழைக்குள் செய்யலாம். கூரை, பீலி, மலசலகூடக் குழி, வெளிப்பூச்சு, கிணறு மழைக்கு முன்.

அதன்பிறகு பிரிப்பது தானாக நடந்தது. சிறிய தொகையான சங்கக் காசு மிகப் பெரிய ஆபத்தான மண்டபக் கூரைக்குப் போனது. மாகாண நிதி முழுவதும் தளபாடத்துக்கும் மின் வேலைக்கும். "அரசாங்கக் காசில் கூரையைப் போடாமல் கதிரையைப் போடுகிறீர்களே" என்று ஒரு அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். தாமதமாகவே வரும் காசுக்குத் தாமதத்தைத் தாங்கும் வேலையைத்தானே கொடுக்க முடியும்?

பழைய மாணவர் காசில்தான் இழுபறி. அவர்கள் விரும்பியது வாசலில் ஒரு வளைவு. அதில் பிழை பிடிக்க எனக்கு மனமில்லை. தூரத்தில் இருப்பவருக்குத் தன் பாடசாலை படத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை இருக்கும். மலசலகூடக் குழியின் படத்தை யாரும் முகப்பில் போட்டுக்கொள்ளப் போவதில்லை. ரீச்சர் மாணவிகளின் மலசலகூடத்தைக் கைத்தொலைபேசியில் காணொளியாக எடுத்து அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல். இரண்டு கிழமைக்குப் பின் மூன்றரை இலட்சம் வந்தது. ஒன்றரை இலட்சத்தை வளைவுக்கென்று வைத்துக்கொண்டார்கள். யூன் முடிவதற்குள் அனுப்புங்கள் என்று கேட்டதற்கு மட்டும் அவர்களுக்கு ஒரு மனத்தாங்கல். நேரில் வந்து கொடுப்பதற்கு இருந்தார்களாம்.

அவசரத்துக்கென்று 60,000 ரூபாயை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்தோம். சங்கக் காசும் மலசலகூடக் காசும் சேர்ந்த 6 இலட்சத்தில் 10 வீதம் அது. கடைசியில் மிஞ்சினால் அவசரத்துக்கு என்றால் எதுவும் மிஞ்சாது. 2022இல் சீமெந்து மூட்டை 3000 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்த எந்தச் சங்கப் பொருளாளருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. விலைக்கூறலில் எத்தனை நாள் அந்த விலை நிற்கும் என்று எழுதி வாங்கினோம். 18 வீத வற் வரி உள்ளேயா வெளியேயா என்பதையும்.

தண்ணீர் என்ற சிக்கல்

வேலைகளை வரிசைப்படுத்தும்போது எதிர்பாராத இடத்தில் முட்டியது. ஓகஸ்டில் கிணற்று நீர் அடிக்குப் போய்விடும். கிணறு இறைத்துத் துப்புரவு செய்ய அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் சீமெந்து வேலைக்குத் தண்ணீர் வேண்டும். கலப்பதற்கு மட்டுமல்ல, போட்ட பின் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க. சோளகக் காற்றில் காலையில் பூசிய பூச்சு மதியத்துக்குள் காய்ந்து, மயிரிழை வெடிப்பு விடும். அந்த வெடிப்புக்குள்தான் பிறகு மாரி இறங்குகிறது.

பவுசரில் தண்ணீர் எடுப்பதை விலை போட்டுப் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை. ஆகவே சீமெந்து வேலை முழுவதும் விடுமுறைக்கு முன், யூலை கடைசி வார இறுதிகளுக்கு வந்தது, கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே. மலசலகூட நிலம், சுவரோரத்துச் சீமெந்துத் தளம், வடிகால். பிள்ளைகள் இருக்கும் காலம் என்பதால் மலசலகூடத்தைப் பாதி பாதியாகச் செய்தார்கள். போட்ட நிலத்தின் மேல் நனைந்த சாக்கு. அதை நனைப்பது காவலாளியின் பொறுப்பு. மலசலகூடக் குழியை இறைக்கும் பவுசருக்கும் அப்போதே பதிந்து வைத்தாயிற்று. குழி இறைப்பதைச் செப்டெம்பருக்கு மேல் தள்ளக்கூடாது. நிலத்தடி நீர் ஏறத் தொடங்கினால் இறைத்த குழி தானாகவே நிரம்பிவிடும்.

விடுமுறை எவ்வளவு நீளம் என்பதும் முன்பு போல் நிச்சயமில்லை. ஒரு காலத்தில் ஓகஸ்ட் என்றாலே மாதம் முழுக்க விடுமுறை. கொவிட்டுக்குப் பின் தவணைகள் இடம்மாறி, சில ஆண்டுகளில் அது மிகவும் சுருங்கிவிட்டது. அதற்குள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வந்தால் மண்டபம் வேண்டும். சிறுபோக அறுவடை வந்தால் ஆட்கள் வயலில். மேசன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ரீச்சர், பதினைஞ்சாம் திகதி மடுவுக்குப் போகோணும். அதுக்கு முன்னாலயோ பின்னாலயோ எண்டு இப்பவே சொல்லுங்கோ." ஓகஸ்ட் 15 மருதமடு மாதாவின் திருநாள். வன்னியில் அந்த நாட்களைக் கணக்கில் எடுக்காமல் வேலை அட்டவணை போடுபவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

ஓகஸ்ட்

மண்டபக் கூரையில் பழைய ஓட்டுக்குப் புதிய ஓடு பொருந்தவில்லை. அச்சு வேறு, கொளுவி வேறு. இடையிடையே புது ஓடு செருகினால் ஒழுக்கு கூடும். மேசனின் வழி அழகானது. இரண்டு பக்கத்து ஓட்டையும் இறக்கி, நல்ல பழைய ஓடுகளைப் பொறுக்கி ஒரு பக்கச் சரிவு முழுவதற்கும் போட்டார். மறுபக்கச் சரிவுக்கு முழுக்கப் புது ஓடு. சதுர மீற்றருக்கு 15, 16 ஓடு என்று கணக்குப் பார்த்து வாங்கி, உடைவுக்குக் கொஞ்சம் கூட எடுத்து மண்டபத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்தார்கள். ஒரு நாளில் பொழுதுபட மூடக்கூடிய அளவுக்கு மேல் திறப்பதில்லை என்பது ஒப்பந்தத்தில் எழுதிய நிபந்தனை. ஓகஸ்டில் மழை வராது என்று அவர் சிரித்தார். எழுதி வைத்தது நல்லது. ஒரு பின்னேரம் இடியோடு கொட்டியது.

ஓட்டை இறக்கியதும் சுவர்மேல் கிடந்த வளை, அதாவது கூரையைத் தாங்கும் மரம், தெரிந்தது. கறையான் உள்ளே தின்று, வெளியே தோல் மட்டும் நின்றது. சலாகைகள் வைரம் பாய்ந்த பனை, அவை அசையவில்லை. வளையை மாற்ற 55,000 ரூபாய் போனது. அவசரக் காசு அதோடு சரி.

சீற் கூரையில் ஆணிகளின் வாசரை மாற்றுவதும் பீலி பூட்டுவதும் பிள்ளைகள் இல்லாத நாளில்தான் என்று கண்டிப்பாக இருந்தோம். அது அஸ்பெஸ்டஸ் சீற். காய்ந்தபடி துளைத்தால் தூசு பறக்கும், கம்பித் தூரிகையால் உரஞ்சிக் கழுவினாலும் நார் வெளிவரும். துளைக்கும் இடத்தை நனைத்து, நடக்கப் பலகை போட்டு வேலை செய்தார்கள். சீற்றின் மேல் நேரே கால் வைத்து விழுந்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு.

சிரமதானத்தில் வடிகால் வெட்டினார்கள், மாமரக் கொப்புத் தறித்தார்கள், கடைசி நாளில் கிணறு இறைத்தார்கள். சிரமதானம் இலவசம் என்று நினைப்பவர் அன்றைய சமையல் கொட்டிலுக்குள் போயிருக்க மாட்டார். சோறு, கறி, தேநீர், பம்புக்கு மண்ணெண்ணெய் என்று 18,000 ரூபாயைத் திட்டத்திலேயே போட்டிருந்தோம். இறைத்த பின் குளோரின் போட்டு ஓர் இரவு விட்டு, மணம் போகும்வரை இறைத்துத்தான் பாவனைக்கு விட்டது.

மின்சாரப் பரிசோதனையையும் ஓகஸ்டுக்கே வைத்தோம், வேலையைப் பின்னால் செய்வதாக இருந்தாலும். நிலம் காய்ந்திருக்கும்போதுதான் புவித்தொடுப்பு மிக மோசமான நிலையைக் காட்டும். மாரியில் அளந்தால் ஈரமண் பொய் சொல்லும். இரண்டு மாடிக் கட்டிடத்தில், மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்தினால் எதுவும் நடக்கவில்லை. அதை மட்டும் மாகாண நிதிக்குக் காத்திருக்காமல் அன்றே மாற்றச் சொன்னோம்.

மாரிக்குப் பின்

மாகாண நிதி ஒக்ரோபர் கடைசியில் வந்தது. மூன்றரை எதிர்பார்த்தோம், வந்தது இரண்டே முக்கால். வெளியே மழை பெய்ய, மண்டபத்துக்குள் கதிரை ஒட்டினார்கள், வயர் மாற்றினார்கள். குறைந்த முக்கால் இலட்சத்துக்கு உட்கதவுகளும் கரும்பலகைகளும் விடுபட்டன.

மண்டபத்தில் பெயின்ற் புள்ளிகள் போட்ட இடங்களில் இரண்டு மட்டும் அந்த மாரியிலும் நனைந்தன, இரண்டும் முகட்டோரம். சீற் தொகுதியின் சுவர் காய்ந்தபடி இருந்தது. மாணவிகளின் மலசலகூடக் குழி பொங்கவில்லை. இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2018 டிசம்பர் வெள்ளத்திலும் 2020 டிசம்பர் புரவிப் புயலிலும் வன்னி மக்கள் ஒதுங்கியது பாடசாலைகளில்தான். மாரியில் பாடசாலைக் கூரையும் மலசலகூடமும் ஊருக்கே உரியவை. அனர்த்த முகாமைத்துவப் பக்கத்திலிருந்து ஏதாவது கேட்க முடியுமா என்று இப்போது கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

சரிவராதவையும் உண்டு. பீலியில் மாவிலை சேர்ந்து ஒரு முறை அடைத்தது. மாதத்துக்கு ஒரு தடவை துப்புரவாக்க ஆள் வைக்கக் காசு ஒதுக்கப்படவில்லை. பெரிய வேலைக்குக் காசு தேடுவது ஒப்பீட்டளவில் சுலபம், மாதம் 3000 ரூபாய்க்குத்தான் எந்தத் தலைப்பிலும் இடமில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கும் அதே கதை. சிறுநீரக நோய்ப் பயத்தில் கொடையாக வந்தது. வடிகட்டி மாற்றுகிற செலவு சங்கத்தின் தலையில். தகரக் கொட்டிலைத் தொடவே இல்லை. யானை தள்ளிய பின்வேலியும் அப்படியே கிடக்கிறது.

இந்தத் தையில் ரீச்சர் மீண்டும் பெயின்ற் வாங்கியிருக்கிறார். கொட்டிலைத் திருத்துவதா, பிரித்துவிட்டு இரண்டு மாடியில் பின்னேர வகுப்பு வைப்பதா என்று பெற்றோர் கூட்டத்தில் இன்னும் முடிவில்லை. வளைவுக்கான ஒன்றரை இலட்சம் வங்கியில் இருக்கிறது. அதை வேலிக்குத் தர முடியுமா என்று லண்டனுக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை.